தாராசுரம் கோயிலருகே பழைய வீட்டைத் திருத்திக் கட்டலாமா?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் மதிலிலிருந்து ஏறத்தாழ 80 மீட்டரில் உங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டு, மேலே ஓர் அறை எழுப்பி, கொல்லைப்புறத்தில் கழிவறையும் கட்ட விரும்புகிறீர்கள். அதே ஊரில், கோயிலிலிருந்து ஏறத்தாழ 250 மீட்டரில் உங்கள் தம்பி ஒரு காலி மனை வாங்கியிருக்கிறார். அவர் அதில் புது வீடு கட்ட வேண்டும். "தொல்லியல் துறை விடாது" என்று சிலரும், "மாநகராட்சியில் பிளான் வாங்கினால் போதும்" என்று சிலரும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் தம்பியின் மனைக்கும் ஒரே சட்டம்தான் பொருந்துகிறது. ஆனால் அது இருவருக்கும் சொல்லும் பதில் முற்றிலும் வேறு.

அந்தச் சட்டம் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம். ஐராவதேசுவரர் கோயில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால்தான் இது உங்கள் தெருவுக்குள் வருகிறது. 2004இல் இக்கோயில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் இந்தத் தடைகள் வந்தன என்று ஊரில் பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. யுனெஸ்கோ யாருடைய வீட்டுக்கும் அனுமதி கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. 1992 ஜூன் 16 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்தது. உலக மரபுப் பட்டியலில் தாராசுரம் சேர்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே நடந்தது இது. இந்தியா முழுவதும் மத்தியப் பாதுகாப்பிலுள்ள சுமார் 3,700 சின்னங்களுக்கும், அவற்றுள் தமிழ்நாட்டில் இருக்கும் 400க்கும் மேற்பட்டவற்றுக்கும் இதே அளவுதான்.

அறிவிக்கை வந்த பிறகும் 100 மீட்டருக்குள் அனுமதிகள் கொடுக்கப்பட்டன. தொல்லியல் துறை நிபுணர் குழு ஒன்றை அமைத்து, அதன் பரிந்துரையின்பேரில் தலைமை இயக்குநர் அனுமதி அளித்து வந்தார். அப்படிப்பட்ட குழுவுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த அனுமதிகள் யாவும் கேள்விக்குள்ளாயின. அதன் விளைவாக 2010 ஜனவரியில் அவசரச் சட்டமும், அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தன. அதுவரை அறிவிக்கையாக இருந்த 100, 200 மீட்டர் கணக்கு சட்டத்தின் உடலுக்குள்ளேயே ஏறியது. முன்னர் வழங்கிய அனுமதிகளுக்குச் செல்லுபடி கொடுத்த அதே திருத்தம், இனிமேல் தடை செய்யப்பட்ட பகுதியில் பொதுப்பணி உட்பட எந்தப் புதுக் கட்டுமானத்துக்கும் அனுமதி இல்லை என்று கதவை அடைத்தது. "எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 2005இல் மாடி கட்டினாரே, எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது; அவர் முறைப்படி அனுமதி பெற்றுக் கட்டியிருந்தாலும், அந்த வழி இன்று யாருக்கும் திறந்திருக்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். முதலில் தூரம். நீங்கள் சொல்லும் 80 மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள் என்பது முக்கியம். சட்டம் விமானத்திலிருந்தோ மதிலிலிருந்தோ அளக்கச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் அல்லது பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லையிலிருந்து எல்லாத் திசைகளிலும் அளக்கச் சொல்கிறது. அந்த எல்லை மதிலோடு முடியலாம். மதிலுக்கு வெளியேயுள்ள நிலத்தையும் உள்ளடக்கியிருக்கலாம். தாராசுரத்தில் கோயிலுக்குக் கிழக்கே வெளிக்கோபுரம் ஒன்று சிதைந்து நிற்பது உங்களுக்குத் தெரியும். அது இருக்கும் இடம் பாதுகாக்கப்பட்ட பரப்புக்குள் வருமானால் கிழக்குத் தெருக்காரர்களின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். எந்தெந்தப் புல எண்கள் பாதுகாக்கப்பட்ட பரப்பில் அடங்குகின்றன என்பதைத் தொல்லியல் துறையின் திருச்சி வட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் மனையின் புல வரைபடத்தை வைத்து, உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு, கோயிலுக்கு மிக அருகிலுள்ள உங்கள் மனை மூலையிலிருந்து தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 80 என்று நினைத்தது 65 ஆனாலும் உங்களுக்கு வேறுபாடில்லை. ஆனால் 95 என்று நினைப்பவருக்கும் 105 என்று நினைப்பவருக்கும் இந்த அளவை ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடும். அலைபேசி வரைபடத்தில் விரல் வைத்து அளந்ததை நம்பி யாரும் அஸ்திவாரம் தோண்டக் கூடாது.

அடுத்து, நீங்கள் செய்ய விரும்பும் வேலைக்குச் சட்டம் என்ன பெயர் வைக்கிறது என்பது. இதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "வீட்டு வேலை" என்கிறோம். சட்டமோ அதை மூன்றாகப் பிரிக்கிறது. புதிதாக ஒரு கட்டடத்தை எழுப்புவதும், இருக்கும் கட்டடத்தை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ நீட்டுவதும் கட்டுமானம். முன்பிருந்த கட்டடத்தை அதே நீள அகலத்திலும் அதே உயரத்திலும் திரும்ப எழுப்புவது மறுகட்டுமானம். இருக்கும் கட்டடத்தில், இந்த இரண்டிலும் சேராத மாற்றங்களைச் செய்வது பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் இம்மூன்றுக்கும் விண்ணப்பிக்கலாம். தடை செய்யப்பட்ட பகுதியில் மூன்றாவதற்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். அதுவும் அந்தக் கட்டடம் 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே இருப்பதாகவோ, அதன் பின்னர்த் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டப்பட்டதாகவோ இருந்தால்தான்.

இதை வைத்துப் பார்த்தால், மாடியில் ஓர் அறை என்பது மேல்நோக்கிய நீட்டிப்பு. ஆகவே அது கட்டுமானம், கிடைக்காது. அதற்காக விண்ணப்பித்துக் காலத்தையும் கட்டணத்தையும் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. கொல்லைப்புறத்துக் கழிவறையும் தனிக் கட்டடமாகவோ ஒட்டுக் கட்டடமாகவோ எழுந்தால் பக்கவாட்டு நீட்டிப்புதான். கட்டுமானம் என்ற சொல்லின் வரையறையிலிருந்து சட்டம் சிலவற்றை விலக்கியிருக்கிறது: வடிகால்கள், பொதுக் கழிப்பிடங்கள், பொதுமக்களுக்கான குடிநீர், மின் வழங்கல் பணிகள் போன்றவை. கழிப்பிடம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "கக்கூஸ் கட்ட அனுமதி தேவையில்லையாம்" என்று ஊரில் ஒரு வதந்தி உலவுவது உண்டு. விலக்கு பொதுக் கழிப்பிடத்துக்கே. உங்கள் வீட்டுக் கழிவறைக்கு இல்லை. ஆனால் வீட்டின் இப்போதுள்ள சுவர்களுக்குள், கூரைக்குக் கீழே, பின்கட்டில் ஓர் அறையைக் கழிவறையாக மாற்றிக்கொள்வது புதுப்பித்தல் என்ற சொல்லுக்குள் அடங்கும். வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் இரவில் கொல்லைக்கு நடக்க வேண்டியதில்லை என்ற நன்மையும் அதில் இருக்கிறது.

கூரைதான் சிக்கலானது. ஓட்டை இறக்கி, இற்றுப்போன கைமரங்களையும் ரீப்பர்களையும் மாற்றி, மறுபடி ஓடே வேய்வது பழுதுபார்த்தல் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. ஓட்டுக்குப் பதிலாகக் கான்கிரீட் தளம் என்று எழுதிக் கொடுத்தால், அது புதுப்பித்தலா கட்டுமானமா என்ற வாதம் தொடங்கும். உயரம் மாறாவிட்டால் புதுப்பித்தலே என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் தளம் போட்டால் அதன்மேல் கைப்பிடிச் சுவர் வரும், மழைநீர் வாட்டத்துக்காகச் சுவரை இரண்டு வரிசை ஏற்றுவார்கள், மாடிக்குப் படி வரும், பிறகு படிக்கு மேல் ஒரு மூடு வரும். வரைபடத்தில் "அதே உயரம்" என்று எழுதியிருந்தாலும் கட்டி முடிக்கும்போது பழைய விளிம்பைவிட ஒரு மீட்டராவது ஏறியிருக்கும். பரிசீலிக்கும் ஆணையத்துக்கு இது தெரியாததன்று.

சட்டத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தாலும் நான் ஓட்டுக் கூரையையே சொல்வேன். அந்தக் காலத்துச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்திலோ களிமண்ணிலோ கட்டிய செங்கல் சுவர்கள். ஓட்டுக் கூரையின் எடைக்காக எழுந்தவை அவை. கான்கிரீட் தளத்தைச் சுமக்க அவற்றால் முடியாது என்று பொறியாளர் சொல்வார். உடனே சுவர்களுக்கிடையே தூண்கள் எழுப்ப வேண்டும் என்பார். தூணுக்குக் குழி தோண்ட வேண்டும் என்பார். தோண்டும்போது சுவர் சாயும். அந்த நிமிடத்தில் உங்கள் வேலை பழுதுபார்த்தலிலிருந்து மறுகட்டுமானத்துக்கு வழுக்கி விழுந்துவிடும். தடை செய்யப்பட்ட பகுதியில் மறுகட்டுமானத்துக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை என்பதை நினைவில் வையுங்கள். இடிந்துபோன வீட்டை அதே அளவில், அதே உயரத்தில், அதே ஓட்டோடு கட்டித் தருகிறேன் என்றாலும் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை.

அந்த நிலத்தில் உங்கள் பெயருக்குப் பட்டா இருக்கலாம். ஆனால் அங்கே வீடு வைத்திருக்கும் உரிமை, நின்றுகொண்டிருக்கும் அந்தப் பழைய சுவர்களோடு பிணைந்திருக்கிறது. சுவர் நிற்கும்வரை அதைப் பழுதுபார்க்கலாம். சுவர் போய்விட்டால் காலி மனைதான் மிஞ்சும். காலி மனையில் எதுவும் எழுப்ப முடியாது. "கொஞ்ச நாள் பூட்டிப் போடுவோம், சட்டம் மாறட்டும்" என்று காத்திருந்து, இரண்டு ஐப்பசி மழையில் நடுக்கட்டு உள்வாங்கி, கடைசியில் எதற்கும் விண்ணப்பிக்க முடியாமல் போன குடும்பங்களை என் தொழிலில் கண்டிருக்கிறேன். சட்டம் மாறும் என்ற பேச்சும் புதிதன்று. தடை செய்யப்பட்ட பகுதியில் மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு வழிவிடும் திருத்த மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. அது நிறைவேறியிருந்தாலும் சாலைக்கும் பாலத்துக்கும்தான் உதவியிருக்கும். உங்கள் மாடி அறைக்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்து, வீடு 1992க்கு முந்தையது என்பதை நிறுவ வேண்டும். "தாத்தா கட்டியது, ஊருக்கே தெரியும்" என்பது ஆவணமாகாது. பழைய வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு வழங்கப்பட்ட தேதி காட்டும் பதிவு, கிரயப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். பத்திரத்தில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். சொத்து விவரத்தில் கட்டடம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? "ஓட்டு வீடு" என்றிருந்தால் நல்லது. "கூரை வீடு" என்றோ, வெறும் "மனை" என்றோ 1992க்குப் பிந்தைய பத்திரத்தில் எழுதியிருந்தால், இப்போதுள்ள வீடு அதன் பிறகு வந்தது என்ற கேள்வி எழும். முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக அந்நாளில் பலரும் கட்டடத்தைக் காட்டாமல் எழுதிய பத்திரங்கள் இன்று பேரப்பிள்ளைகளின் காலைச் சுற்றுகின்றன. அப்படி இருந்தால் வரி ரசீதும் மின் இணைப்பும்தான் கைகொடுக்கும்.

விண்ணப்பம் யாரிடம் போகிறது என்பதிலும் குழப்பம் உண்டு. கோயிலின் பூசையும் சொத்துகளும் தேவத்தானத்தின் பொறுப்பில் இருப்பதால், சிலர் தேவத்தான அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு அனுமதி வாங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். கோயிலில் காவலுக்கு நிற்கும் தொல்லியல் துறை ஊழியர் "செய்யுங்கள், பரவாயில்லை" என்று சொன்னதை நம்பியவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் அந்த அதிகாரம் இல்லை. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் என்ற அமைப்பையும், மாநிலந்தோறும் தகுதிவாய்ந்த அதிகாரி என்ற பொறுப்பையும் உருவாக்கியது. விண்ணப்பம் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் போகும்; இப்போது இணையவழியே செலுத்தலாம். அவர் 15 நாள்களுக்குள் அதை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் தன் பரிந்துரையைச் சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் தகுதிவாய்ந்த அதிகாரி அனுமதிக்கவோ மறுக்கவோ வேண்டும். ஆணையத்தின் பரிந்துரையே இறுதியானது. தகுதிவாய்ந்த அதிகாரி அதை மீற முடியாது. ஏட்டுக் கணக்குப்படி மூன்றரை மாதம். வரைபடத்தில் குறையிருந்து திருப்பி அனுப்பப்பட்டால் அந்தக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஓடும் என்பதால், முதல் தடவையே முழுமையாகக் கொடுப்பதுதான் விரைவான வழி.

முழுமை என்றால்: உரிமை ஆவணங்கள், சின்னத்தின் எல்லையிலிருந்து மனைக்குள்ள தூரம் காட்டும் வரைபடம், இப்போதுள்ள வீட்டின் தளப்படம், முகப்புப் படம், வெட்டுப் படம், செய்யப்போகும் வேலைக்குப் பின் அவை எப்படி இருக்கும் என்பதற்கான படங்கள், நான்கு பக்கங்களிலிருந்தும் எடுத்த ஒளிப்படங்கள். பழுதுபார்க்கும் விண்ணப்பங்களில் நான் கூடுதலாக ஒன்று சேர்ப்பது வழக்கம்: அறை அறையாக, என்ன இருக்கிறது, எதை எடுக்கிறோம், அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்று எழுதிய ஒரு பட்டியல். "நடுக்கட்டுக் கைமரம் 14, இற்றவை 9, அதே அளவில் தேக்கு" என்ற அளவுக்குத் துல்லியமாக எழுதினால், பிற்பாடு ஆய்வுக்கு வருபவருக்கும் உங்களுக்கும் இடையே தகராறு எழாது. வேலையைத் தொடங்கிய பிறகும் ஒரே நாளில் முழுக் கூரையையும் பிரிக்காமல் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். கூரையில்லாத நான்கு சுவர்கள் நிற்கும் ஒரு படம் உங்களுக்கு எதிராகப் பேசக்கூடியது. கட்டுக் கட்டாக எடுத்த நாற்பது படங்கள் உங்களுக்காகப் பேசும்.

வெள்ளையடிப்பதற்கும், உடைந்த நான்கு ஓடுகளை மாற்றுவதற்கும் யாரும் விண்ணப்பம் கொடுப்பதில்லை. ஆனாலும் சாரம் கட்டி, மணல் இறக்கிச் செய்யும் அளவுக்கு வேலை பெரிதானால் அனுமதியின்றித் தொடங்காதீர்கள். மணல் குவியலைக் கண்டதும் புகார் போகும் ஊர்கள் இவை.

தம்பியின் மனைக்கு வருவோம். உங்களைப் பார்க்கிலும் அவர் நிலை எளிது. எல்லையிலிருந்து 250 மீட்டர் என்பது 100க்கும் 300க்கும் இடைப்பட்ட ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே புது வீடு கட்டலாம். அனுமதி பெற்றுக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆணையம் பார்ப்பது பெரும்பாலும் உயரத்தை. அவர்கள் மீட்டரில் ஓர் உயரத்தைக் குறிப்பிட்டு அனுமதித்தால், அது மேல்தளத்தின் மட்டம் வரை உள்ள உயரம் என்று கட்டுநர்கள் பொருள் கொள்வார்கள். அப்படியன்று, கைப்பிடிச் சுவர், படிக்கட்டு மூடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்த மொத்த உயரம் அது. வரைபடத்தில் தொட்டியைக் காட்டாமல் விட்டு, அனுமதி வந்த பின் நான்கு தூண் எழுப்பித் தொட்டி வைத்து, அறிவிப்பு வாங்கியவர்கள் உண்டு. தொட்டியின் மேல்மூடியிலிருந்து கீழே கணக்குப் போட்டு வீட்டை வடிவமைக்கச் சொல்லுங்கள். அடித்தளத்துக்குக் கீழே அறை தோண்டும் எண்ணமிருந்தால் கைவிடச் சொல்லுங்கள். சோழர் காலத்தில் குடியிருப்பாக இருந்த மண் அது. தோண்டும்போது பழம்பொருள் ஏதேனும் வெளிப்பட்டால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி தெரிவிக்க வேண்டும், வேலையும் நின்றுவிடும்.

தம்பி சிக்கிக்கொள்ளக்கூடிய இடம் வேறொன்று. 2024 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடியாகக் கட்டட அனுமதி கிடைக்கிறது. மனையின் விவரங்களை நாமே உறுதி கூறி, கட்டணம் செலுத்தினால் அனுமதித் தாள் வந்துவிடும். தாராசுரம் இப்போது கும்பகோணம் மாநகராட்சிக்குள் இருப்பதால் அந்த வசதி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் மாநிலக் கட்டட விதிகளின்படி வந்த அனுமதி. மத்தியச் சட்டப்படி பெற வேண்டிய அனுமதிக்கு அது மாற்றாகாது. சுயசான்றில் உண்மையை மறைத்தால், பொய்யுறுதி கொடுத்த பழியும் சேர்ந்துகொள்ளும். தொல்லியல் அனுமதி முதலில், மாநகராட்சி அனுமதி பிறகு என்ற வரிசையை அவர் மாற்றக் கூடாது. வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியின் வழக்கறிஞரும் தடையில்லாச் சான்று எனப்படும் அந்தத் தொல்லியல் அனுமதியைத்தான் முதலில் கேட்பார்.

மனை வாங்கும்போது இதெல்லாம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவர் வருந்துவதாக எழுதியிருந்தீர்கள். விற்பவர் சொல்ல மாட்டார். வில்லங்கச் சான்றில் இது வராது. பட்டாவிலும் சிட்டாவிலும் ஒரு குறிப்பும் இருக்காது. பழைய கோயிலோ கோட்டையோ குகையோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எந்த ஊரிலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் வாங்குபவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாகத்தான் இது இருக்கிறது.

மீறினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். தடை செய்யப்பட்ட பகுதியில் கட்டுவோருக்கும், ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் அனுமதியின்றிக் கட்டுவோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உடந்தையாக இருக்கும் மத்திய அரசு அலுவலருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று ஒரு பிரிவும் உண்டு. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் அந்தப் பிரிவை நினைவூட்டலாம். நடைமுறையில் முதலில் வருவது காரணம் கேட்கும் அறிவிப்பு. அதன் பின் அகற்றும் ஆணை. அதை நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆணை வருவதற்கும் இடிப்பதற்கும் இடையே ஆண்டுகள் கடப்பதால் பலர் துணிந்து கட்டிவிடுகிறார்கள். ஆனால் கட்டி முடித்த பிறகு வரன்முறை செய்துகொள்ளும் வழி இச்சட்டத்தில் இல்லை. அந்த வீடு விற்கும்போதும், அடமானம் வைக்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும் அந்தக் குறை கூடவே வரும்.

இந்த விதி நியாயமானதா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னத்துக்கு அருகே கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாம் இராசராசன் எழுப்பிய அந்த விமானத்தின் பின்னணியில் ஐந்து மாடி விடுதி ஒன்று எழுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிற ஊர்களில் சான்றுகள் இருக்கின்றன. குறை, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் என்பதில்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் 100 மீட்டர்; வட இந்தியச் சாலையோரத்தில் முகலாயர் நட்ட ஒற்றைக் கோஸ் மினாருக்கும் (தூரம் காட்டும் தூண்) 100 மீட்டர். சென்னையில் சட்டக் கல்லூரி வளாகத்திலுள்ள பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் கல்லறை ஒன்று, பக்கத்திலேயே உயர்நீதிமன்றத்துக்கு வாகன நிறுத்தக் கட்டடம் எழுப்ப முடியாதபடி இந்த விதியால் தடுத்தது. அந்தக் கல்லறையையே வேறிடத்துக்கு மாற்றும்படி 2023இல் நீதிபதி ஒருவர் உத்தரவிடும் அளவுக்கு அது போயிற்று. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலைப் பார்த்துத் தனித்தனி மரபுத் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்கிறது. அவை ஒவ்வொன்றாக ஊர்ந்து வருகின்றன. வந்தாலும் அவை 100 மீட்டர்த் தடையைத் தளர்த்திவிட முடியாது.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. இச்சட்டம் பாதுகாப்பது கோயிலை, தெருவையன்று. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தெருவையும் சதுக்கத்தையும் அவற்றின் அழகுக்காகவே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கிறார்கள். அங்கே முகப்பை மாற்றுவதும், முற்றத்து மரத்தை வெட்டுவதும்கூடக் கேள்விக்குரியவை. இங்கோ, நெசவுத் தறிகள் ஓடும் உங்கள் தெருவின் திண்ணையும் மரத்தூணும் ரேழியும் இச்சட்டத்தின் கண்ணில் படுவதேயில்லை. திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கதவு போட்டாலும், தூணை விற்றுவிட்டாலும், 100 மீட்டர்க் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் அதற்கு அதுவே போதும். ஆகையால் அவற்றைக் காப்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. கூரைக்கு ஓடே போடுவதென்று முடிவெடுத்தால், பழைய நாட்டு ஓட்டில் தேறியவற்றைத் தெருப்பக்கச் சரிவுக்கு ஒதுக்கிவிட்டு, கொல்லைப்பக்கத்துக்குச் சீமை ஓடு வாங்கிக்கொள்ளலாம், செலவும் குறையும். சுவரில் உதிர்ந்த பூச்சை சிமெண்டால் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, அடுத்த சில ஆண்டுகளில் செங்கல்லையே பொடியாக்கிவிடும்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. இன்றே விண்ணப்பித்தாலும் அனுமதி கைக்கு வருவதற்குள் ஒரு மழைக்காலம் கடந்துவிடலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் நடுக்கட்டுக் கூரை மோட்டருகே தொய்ந்திருப்பது தெரிகிறது. அந்த இடத்துக்குக் கீழே இரண்டு முட்டுக் கொடுத்து, ஓட்டின்மேல் கனமான தார்ப்பாய் ஒன்றை விரித்து, காற்றில் பறக்காதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டிவையுங்கள். முட்டும் தார்ப்பாயும் கட்டுமானம் ஆகா. அவற்றுக்கு அனுமதி வேண்டியதில்லை. முட்டுக் கொடுப்பதற்கு முன் ஒரு படமும், கொடுத்த பின் ஒரு படமும் எடுத்து, தேதி தெரியும்படி விண்ணப்பக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.